வியாழக்கிழமைக்கு முன்பே சொன்ன சாட்சி

பள்ளிக்கூட வேனில் ஆயாவாக ஏறியபோது ஆக்னஸுக்கு முப்பத்தைந்து வயது. "மார்ச்சோட போதும்மா" என்று சொல்லி இறக்கிவிட்டபோது ஐம்பத்திரண்டு. பதினேழு வருஷமும் கதவோரத்து இருக்கைதான் அவளுடைய இடம். பிள்ளைகளை ஏற்றி, தலை எண்ணி, இறக்கிவிடுவாள். வாந்தியெடுத்தால் வாயைத் துடைப்பாள், தூங்கி விழுந்தால் தோளில் சாய்த்துக்கொள்வாள். அந்த வண்டிக்குப் பதினொரு டிரைவர்கள் வந்து போனார்கள். எவன் எந்த இடத்தில் கியர் மாற்றுவான், எவன் சும்மா சும்மா கிளட்சில் கால் வைத்து வண்டியைத் தேய்ப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனசுக்குள் அவளும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தாள். வெளியே சொன்னதில்லை. கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். "உனக்கு சைக்கிளே வராது, போடி" என்று அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பேச்சு அன்றோடு நின்றுபோனது.

புது நிர்வாகத்துக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் ஆயாக்கள் வேண்டுமாம். டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி முதல் தேதி சபையில் எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். காட்டுப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஹாலில் கூடும் சபை அது. பாஸ்டர் கிரணுக்கு முப்பத்தாறு வயது. முன்பு ஐ.டி. கம்பெனியில் இருந்தவர், அந்த வாசனை இன்னும் போகவில்லை. வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனத்தோடு 'இந்த வருஷத்து இலக்கு' என்று கோடு போட்ட அட்டையையும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"வயசாயிடுச்சு, எனக்கு எதுக்குன்னு யாரும் அட்டையத் திருப்பிக் குடுக்கக் கூடாது. கர்த்தர் உங்க பிறந்த தேதியப் பாத்து வேலை குடுக்கிறவர் இல்ல," என்றார்.

"ஆபீஸ்லதான் டார்கெட்டு டார்கெட்டுன்னு உசுர வாங்குறானுங்கன்னா, இங்கயுமா?" என்று யுவராணி காதோரம் முணுமுணுத்தாள். அவள் ஆக்னஸுக்குப் பக்கத்துத் தெரு. ஆராதனையில் எப்போதும் ஆக்னஸை ஒட்டித்தான் உட்காருவாள். "என்னக்கா எழுதப் போற?"

ஆக்னஸ் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்: கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கி டிரைவர் வேலைக்குப் போகணும். எழுதி முடித்ததும் பயம் வந்தது. ஆண்டவரிடம் அவள் கேட்டதெல்லாம் மற்றவர்களுக்காகத்தான். கணவருக்குக் குடி நிற்க வேண்டும், மகள் வர்ஷாவுக்கு மார்க் வர வேண்டும், வர்ஷாவுக்கு வேலை கிடைக்க வேண்டும். தனக்கென்று ஒன்றை, அதுவும் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கேட்பது இதுதான் முதல் முறை.

ஏப்ரலில் பழகுவதற்கான எல்.எல்.ஆர். எடுத்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அதை நடத்தியவர் ஜம்புலிங்கம், காட்டுப்பாக்கத்துப் பழைய குடியானவர் வீட்டுக்காரர். கழனியெல்லாம் அடுக்குமாடியான பிறகு இரண்டு கார்களை வாங்கிப் போட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

"இன்னாம்மா, கிளட்ச்ச மெதிக்கிறியா, கரப்பான்பூச்சிய நசுக்கிறியா? மெதுவா உடு. காலு ஒண்ணும் ஓடிப் பூடாது."

"மெதுவாத்தான் விடுறேண்ணா."

"எங்க மெதுவா? பல்லே ஆடுது. அதோ, மாடு வருது பாரு. அது ஒதுங்காது. அதுக்கு இன்னா, எல்.எல்.ஆரா கீது?"

ஆனால் இரண்டு வாரத்தில் வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. குன்றத்தூர் ரோட்டில் ஐம்பதில் போனாள். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று எடுத்தாள். ஒருநாளும் வண்டி அணைந்து நின்றதில்லை, பின்னால் உருண்டதில்லை. வீட்டுக்கு வந்து வர்ஷாவிடம் சொல்வாள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். தூக்கக் கலக்கத்தில் பல் துலக்கிக்கொண்டே கேட்பாள். "சூப்பர்மா. ஆனா இங்க மெட்ரோ வேலை நடக்கிற ரோட்ல மட்டும் வேணாம், எனக்கே ஸ்கூட்டி ஓட்ட பயமா இருக்கு" என்பாள்.

டெஸ்ட், ஜூன் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை.

அதற்கு முந்தைய ஞாயிறு சாட்சி சொல்லும் ஞாயிறாக அமைந்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கையில் வருவதற்கு முன்பே வந்துவிட்டதாகச் சொல்லி நன்றி செலுத்துவார்கள். விசுவாச அறிக்கை என்று அதற்குப் பெயர். வாடகை வீட்டில் இருப்பவர் "எனக்குச் சொந்த வீடு குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்" என்பார். குழந்தையில்லாத பெண் "என் வீட்ல தொட்டில் ஆடுது" என்பாள். எல்லோருக்கும் தெரியும், இன்னும் வரவில்லை என்று. ஆனாலும் "ஆமென்" என்பார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. ஆக்னஸும் நினைத்ததில்லை.

"ஆக்னஸ் அக்கா, வாங்க. விசுவாசத்தோட அறிக்கை பண்ணுங்க," என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

பதினேழு வருஷம் கதவோரத்தில் உட்கார்ந்தவள் அன்று நடுவில் வந்து நின்றாள். "ஆண்டவர் எனக்கு லைசென்ஸ் குடுத்துட்டார்" என்று தொடங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டினார்கள். தட்டத் தட்ட வாய் தானாகப் போனது. லைசென்ஸ் அட்டையில் தன் போட்டோ நன்றாக விழவில்லை என்றாள். சிரித்தார்கள். வாங்கும்போது ஆபீசர் "இந்த வயசுலயா?" என்று ஆச்சரியப்பட்டதாகச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் யுவராணி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய் அக்கா, நெஜமாவே வந்துடுச்சா? டெஸ்ட்டு இந்த வாரம்னுல்ல சொன்ன?"

பக்கத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களில் இருந்த சந்தோஷத்தை உடைக்க ஆக்னஸுக்கு மனம் வரவில்லை.

"ஆமா. முன்னாடியே வச்சுட்டாங்க," என்றாள்.

வீடு வரும்வரை அந்த 'ஆமா' செருப்பில் மாட்டிய முள்போல உறுத்திக்கொண்டே வந்தது. மேடையில் சொன்னது சபையின் வழக்கம். படிக்கட்டில் சொன்னது எது? நாலே நாள்தான், வியாழக்கிழமை வாங்கிவிட்டால் அதுவும் உண்மையாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னிருக்கையில் அவளுக்கு இடப்பக்கம் ஏறிக்கொண்டார். ஜம்புலிங்கம் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனாள். சின்ன மேடு ஒன்று வந்தது. "இங்க நிறுத்துங்க. இப்ப எடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். கிளட்சை விட்டாள். வண்டி உதறி, அணைந்து, மெல்லப் பின்னால் உருண்டது. மறுபடி எடுத்தாள். மறுபடி உருண்டது. மூன்றாம் முறை இன்ஸ்பெக்டரே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார்.

"நல்லாப் பழகிட்டு வாங்கம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல," என்று அன்பாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் ஆக்னஸ் கேட்டாள்: "அண்ணா, ரெண்டு மாசமா ஒரு தடவகூட உருளலையே. இன்னிக்கு மட்டும் ஏன்?"

ஜம்புலிங்கம்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். பயிற்சியின்போது தான் உட்காரும் இடப்பக்கத்து இருக்கையைக் கண்ணால் காட்டினார். அங்கேயும் கிளட்ச், பிரேக் இரண்டும் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வண்டியென்றால் அப்படித்தான்.

"மேடு வந்தா நான் மெதிச்சிடுவேன்மா. பின்னால எவனாவது இடிச்சா யாரு பதில் சொல்றது? நீ ஓட்னதுல பாதி என் காலும்மா. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு மேட்டிலும் தனக்குள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை போனைத் திறந்தாள். சபை வாட்ஸ்அப் குழுவில் பாஸ்டர் போட்டிருந்தார்: 'நமது ஆக்னஸ் அக்கா டிரைவிங் லைசென்ஸ் பெற்றுக்கொண்டார்கள். தேவனுக்கே மகிமை.' யுவராணி சொல்லித்தான் போட்டிருக்க வேண்டும். கீழே ஐம்பத்து நாலு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஆக்னஸ் 'இல்லை பாஸ்டர்' என்று டைப் செய்தாள், அழித்தாள். 'அது விசுவாசத்தில் சொன்னது' என்று டைப் செய்தாள், அதையும் அழித்தாள்.

வர்ஷாவிடம் மட்டும் தோற்றதைச் சொன்னாள். "அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் மறுபடி போடு" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். சபையில் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்பதை ஆக்னஸ் மகளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். கீழே தெருவில் சபையின் பழைய வேன் நின்றது. நடக்க முடியாத வயதானவர்களை ஞாயிறன்று ஏற்றி வருவதற்காக யாரோ சபைக்குக் கொடுத்த வண்டி. அதை ஓட்டிக்கொண்டிருந்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஒரு மாதமாகிறது. அதிலிருந்து அவர்கள் ஆட்டோ பிடித்து வந்தால்தான் உண்டு.

"ஒரு மாசமா நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்க்கா, யாரை அனுப்பப் போறீங்க ஆண்டவரேன்னு. பாருங்க, அட்டையில எழுதின இலக்கு ஒரு பக்கம், சபையோட தேவை ஒரு பக்கம். ரெண்டையும் சேத்துட்டாரு." சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு ஐயப்பன்தாங்கல்ல அஞ்சு பேரு. மெதுவாக் கூட்டிட்டு வாங்க."

சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இவ்வளவு நம்பிக்கையோடு தன் கையில் யாரும் எதையும் வைத்ததில்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. "சரி பாஸ்டர்," என்றாள்.

ஞாயிறு காலை வர்ஷா ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். மூன்று கிலோமீட்டர்தானே, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காது, ஒரேயொரு தடவை, அப்புறம் டெஸ்ட்டில் ஜெயித்துவிடலாம் என்று தப்பு செய்கிறவர்கள் சொல்லிக்கொள்ளும் எல்லாவற்றையும் அவளும் சொல்லிக்கொண்டாள்.

ஐந்து பேரும் ஏறினார்கள். சபையில் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்ட வடிவம்மாள் முன்னிருக்கை வேண்டுமென்று அடம்பிடித்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. பார்வை மங்கல், வாய் மட்டும் படு தெளிவு.

"பொம்பள ஓட்டுற வண்டில முன்னாடி ஒக்காந்து போறேன், பாத்துக்கோ. எங்க ஊட்டுக்காரு இருந்திருந்தா குதிச்சு ஓடியிருப்பாரு. ஏம்மே, கொஞ்சம் வெரசாப் போயேன். ஆராதனைக்குப் போறோமா, அடக்கத்துக்குப் போறோமா?"

பின்னால் சிரிப்பு. ஆக்னஸால் சிரிக்க முடியவில்லை. இடப்பக்கம் வடிவம்மாளின் கால்கள் ரப்பர் செருப்போடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில் மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து ரோட்டைச் சுருக்கியிருந்தார்கள். பள்ளத்தை மூடித் தார் போட்ட இடத்தில் ரோடு மேடு தட்டியிருந்தது. அந்த மேட்டின் நடுவில் முன்னால் போன தண்ணீர் லாரி நின்றது. ஆக்னஸும் நிறுத்தினாள். பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர் ஒட்டினாற்போல நின்றதைக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு பெண், முன்னால் நின்றபடி ஒரு சின்னப் பையன்.

லாரி நகர்ந்தது. கிளட்சை விட்டாள். வண்டி உதறி அணைந்தது. உருண்டது. பிரேக்கைத் தேடிய கால் கிளட்சைத்தான் மறுபடி மிதித்தது. பின்னால் தகரத்தில் எதுவோ மோதும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல், அதற்குப் பிறகு பிள்ளையின் அழுகை.

இறங்கி ஓடினாள். ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. அந்தப் பெண் எழுந்துவிட்டாள். பையன் இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். நாலைந்து வயது இருக்கும். அவள் ஏற்றி இறக்கிய பிள்ளைகளின் வயது.

கூட்டம் சேர்ந்தது. "ஏறும்போதே பாத்தேன், கியரே உழல. ஏம்மா, லைசென்ஸ் கீதா ஒன்னாண்ட? எடு, பாக்கலாம்!" என்று ஒருவன் வேனின் பக்கத்தைத் தட்டினான்.

முன்ஜன்னலிலிருந்து வடிவம்மாள் தலையை நீட்டினார். "யார்ரா அவன்? லைசென்ஸ் இல்லாமயா ஓட்றா? சபை பூரா கேக்க சாட்சி சொன்னாளே! எடுத்துக் காட்டும்மே, அவன் மூஞ்சில!"

வடிவம்மாளின் குரலில் துளி சந்தேகம் இல்லை. ஆக்னஸ் அந்தப் பையனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இல்ல. லைசென்ஸ் இல்ல. டெஸ்ட்ல தோத்துட்டேன்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த இரைச்சலில் வடிவம்மாளின் குரல் மட்டும் கேட்கவேயில்லை. ஆட்டோவை ஓரம்கட்டி வந்த ஒருவர், முகமது இஸ்மாயில் என்று பிறகு பேர் சொன்னார், தாயையும் பிள்ளையையும் முதலில் வேறொரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஆக்னஸ் ஓடிப்போய்த் தன் பேரையும் நம்பரையும் அந்தப் பெண்ணிடம் எழுதிக் கொடுத்து, அவளுடைய நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

"அந்தாண்ட போம்மா, நான் ஓரம் கட்றேன்," என்று வேனைத் தகர அடைப்பு ஓரமாக நிறுத்திப் பூட்டிச் சாவியைக் கொடுத்தார் இஸ்மாயில். "பெரியவங்கள நான் ரெண்டு ட்ரிப்பா கொண்டுபோய் உடறேன். நீங்களும் ஏறிக்கங்க."

"நான் நடந்து வரேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது, தலைகள் திரும்பின. நேராக முன்னால் போய் மைக்குக்குக் கை நீட்டினாள். பாஸ்டர் தயங்கினார். "அப்புறம் பேசலாம்க்கா," என்றார் மெல்ல. அவள் கையை மடக்கவில்லை.

"போன ஞாயித்துக்கிழமை நான் சொன்னது நடக்கல. லைசென்ஸ் வரல. போட்டோ, ஆபீசர் எல்லாம் நானாச் சொன்னது. இன்னிக்கு ஒரு பிள்ளையத் தள்ளிட்டேன். அவன் பேருகூட எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க. எனக்காக வேணாம்."

ஆமென் வரவில்லை. கீபோர்டு வாசிப்பவர் பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார். பாட்டு முடிவதற்குள் ஆக்னஸ் படியிறங்கிவிட்டாள்.

பாஸ்டர் பின்னாலேயே ஓடிவந்தார். "அக்கா, நில்லுங்க. நான்தானே மைக்கக் குடுத்தேன். நான் சொல்லித்தானே சொன்னீங்க."

"மேல சொன்னது நீங்க சொல்லச் சொன்னது பாஸ்டர். இதே படியில யுவராணிகிட்ட ஆமான்னு சொன்னேன் பாருங்க, அது என்னுது." சாவியை அவரிடம் கொடுத்தாள்.

பையனின் பேர் ஆதவ். மணிக்கட்டு எலும்பில் விரிசல். மூன்று வாரம் மாவுக்கட்டு. மறுநாள் அவன் அம்மா சௌம்யாவுக்குப் போன் செய்து, முகவரி கேட்டு, காட்டுப்பாக்கத்தில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக்குப் போனாள். சௌம்யா பாதிக் கதவைத் திறந்தபடி நின்றாள். உள்ளே பையன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்னஸ் நீட்டிய பழப்பையை அவள் வாங்கவில்லை.

"போலீஸ்ல சொல்லணும்னுதான் வீட்ல சொல்றாங்க. நீங்க ஓடி ஒளியல, அதான் யோசிக்கிறேன்." கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வயசுல எதுக்கு இதெல்லாம்? இனிமே வண்டியே தொட மாட்டேன்னு சொல்லுங்க. நானும் இதை விட்டுர்றேன்."

எளிதான வாக்குத்தான். சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இன்னொரு தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

"லைசென்ஸ் இல்லாம ஒருநாளும் ஓட்ட மாட்டேம்மா. தொடவே மாட்டேன்னு... அது பொய்யாப் போயிடலாம். நீ செய்யணும்னு நெனைக்கிறதச் செய். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சௌம்யா அவளையே பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். புகார் வருமா வராதா என்று பல நாள் ஆக்னஸ் போன் மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள். வரவில்லை. வராததும் ஒரு பாரமாகத்தான் இருந்தது.

வர்ஷா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதாள். "நீ சபையில என்ன வேணா சொல்லிட்டுப் போம்மா. அஞ்சு பேர ஏத்திக்கிட்டு... உனக்கு ஏதாவது ஆயிருந்தா? நான் இங்க தூங்கிட்டிருக்கேன்." 

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரு பிளாட்டில் சமையல் வேலைக்குப் போனாள். ஞாயிறன்று சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யுவராணி இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். எதிரில் வந்தால் தலையை மட்டும் அசைப்பாள். ஆசை தன்னுடையதா, ஆண்டவர் கொடுத்ததா என்பது ஆக்னஸுக்கு விளங்கவில்லை. அவர் கொடுத்ததென்றால் ஒரு பிள்ளையின் கை ஏன் உடைய வேண்டும்? தன்னுடையதுதான் என்றால், இவ்வளவு நடந்த பிறகும் அது ஏன் சாகவில்லை? ஜெபத்தில் முட்டிபோட்டால் சொற்கள் வரவில்லை. பழைய மாதிரி முன்கூட்டியே நன்றி சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னும் எதுவும் வரல ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள்.

செப்டம்பரில் ஒருநாள் மதியம் பாஸ்டர் வந்தார். இளைத்திருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் சபையில் யாரையும் விசுவாச அறிக்கைக்கு அழைக்கவில்லை. ஏனென்று சொல்லவும் இல்லை. அழைக்காததற்கே இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன.

"எல்.எல்.ஆர். எப்ப முடியுதுக்கா?"

"அக்டோபர் பாதியில. அப்புறம் மொதல்லருந்து."

"எனக்கு லைசென்ஸ் வாங்கிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்துல நான் உக்காந்தா நீங்க பழகலாம், சட்டப்படி சரி. விசாரிச்சுட்டேன்." சட்டைப்பையிலிருந்து சிவப்பு 'எல்' ஒட்டிய இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார்.

"என் மேல நம்பிக்கை இருக்கா பாஸ்டர்?"

 "இல்லக்கா. பயமாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு மைக்க நீட்டின கை இது. சும்மா மடக்கி வச்சுக்க முடியல."

வர்ஷாவிடம் இந்த முறை முதலிலேயே சொன்னாள். வர்ஷா, "கூட யாரையும் ஏத்தக் கூடாது. அவரு மட்டும்," என்றாள்.  சம்மதம் என்றும் அதைச் சொல்ல முடியாது.

பாஸ்டரே ஓட்டிக்கொண்டு ஆவடி தாண்டிக் கோவில்பதாகை வரைக்கும் போனார். ஏரிக்கரை மேட்டுக்கு ஏறும் ஒரு மண்பாதை அங்கே உண்டு. சபையார் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். அவர் சொல்லவில்லை, அவளுக்குப் புரிந்தது. இடம் மாறி உட்கார்ந்தார்கள். முன்னும் பின்னும் 'எல்' அட்டை. அவர் கையை ஹேண்ட் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார்.

முதல் தடவை மேட்டின் பாதியில் நிறுத்தி எடுத்தாள். உதறி அணைந்தது, அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இரண்டாம் தடவை ஒரு சாண் உருண்டு நின்றது. மூன்றாம் தடவைக்கு முன் அன்றைய மோதும் சத்தம் காதுக்குள் கேட்டது. பின்னால் வெறும் வேலிகாத்தான் புதர்தான் என்று தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னால யாரும் இல்லக்கா."

"தெரியும். ஆனாலும் பாக்கணும்."

கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். எங்கோ ஓரிடத்தில் வண்டியின் முழு எடையும் பாதத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை; அதுவரைக்கும் வேறொருவர் கால் தாங்கிய எடை அது. அப்படியே பிடித்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். பாஸ்டர் கண்களை இறுக மூடி, உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், கண்ணத் தொறங்க."

"ஜெபம் பண்றேன்க்கா."

"பண்ணுங்க. கண்ணத் தொறந்துகிட்டே பண்ணுங்க. நான் இப்ப பிரேக்க விடப் போறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில், முன்னால் நகர்ந்தது. மேட்டு உச்சிக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது மறுபடி அணைந்தது.

"வியாழக்கிழமை டெஸ்ட்டுன்னா முடியுமாக்கா?" என்று கேட்டார் பாஸ்டர், சாவி திரும்பும் சத்தத்தின் நடுவே.

"தெரியல பாஸ்டர்," என்றாள் ஆக்னஸ். கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி எடுத்தாள்.